காதுக்குள்ள போன் கேமரா போகாதுங்க!

டாக்டரைப் பார்க்க நேரம் பதியற ஆப்பைத் திறந்தா, பச்சைக் கலர்ல பெருசா ஒரு பட்டன்: "வீடியோ கால்ல டாக்டரைப் பாருங்க". நேர்ல பார்க்கணும்னா கீழ தள்ளித் தள்ளித் தேடணும். உடம்புக்கு என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடியே எத்தனை மணிக்கு ஸ்லாட் வேணும்னு கேக்குற ஆப்பை எவன்யா செஞ்சான்?

குழந்தைக்குக் காதுவலி. ராத்திரி பூரா அழுகை, காய்ச்சல் வேற. விடிஞ்சதும் பட்டனை அமுக்கி, பணத்தைக் கட்டி, ஓடிபி போட்டு, சுத்திக்கிட்டே இருக்குற வட்டத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். ஒருவழியா டாக்டர் வர்றார். "காதைக் காட்டுங்க." காட்டினா இருட்டு. "டார்ச் அடிங்க." டார்ச் இருக்கறது போனோட பின்பக்கம். கேமராவைத் திருப்பினா, பாதி ஆப்புல வீடியோ கால் நடுவுல டார்ச்சே எரியாது. இன்னொரு போன்ல டார்ச் போட்டு ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் தலையைப் பிடிக்க, வலியில குழந்தை திமிர, திரையில தெரியறது என்ன? காது மடல்! செவிப்பறை இருக்கறது வளைஞ்ச துவாரத்தோட கடைசியில. மடலை இழுத்துத் துவாரத்தை நேராக்கி, ஓட்டோஸ்கோப்பை, அதான் காதுக்குள்ள பார்க்குற விளக்கு வச்ச கருவியை, உள்ள விட்டாத்தான் அது சிவந்திருக்கா, புடைச்சிருக்கான்னு தெரியும். எந்த போன் கேமராவும் அங்க போகாது. கடைசியில, "நேர்ல கூட்டிட்டு வந்துடுங்க."

ரெண்டாவது ஃபீஸ், பாதி நாள் காலி, குழந்தை இன்னும் அழுதுக்கிட்டிருக்கு.

டாக்டர் மேல தப்பே இல்லை. பார்க்காமலே ஆன்டிபயாடிக் எழுதித் தள்ளியிருந்தா அதுதான் அநியாயம். நிறைய காதுத் தொற்று வலிமருந்தோட ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும். எது அடங்கும், எதுக்கு மருந்து வேணும்னு முடிவு பண்ணத்தான் உள்ள பார்க்கணும். "காதுவலின்னா நேர்ல வாங்க"ன்னு ஒரு வரி பட்டனுக்கு மேல போட்டா என்ன குறைஞ்சுடும்?

நோயாளி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இதைக் கண்டுபிடிக்க டாக்டரோட கை வேணுமா, ஸ்டெத் வேணுமா? வயித்துவலின்னா அமுக்கிப் பார்த்தே ஆகணும். மூச்சு இளைப்பு சத்தத்தை வீடியோ கால் ஆப்பே இரைச்சல்னு நினைச்சு வடிகட்டிடும். கண்ணு மஞ்சளா இல்லையான்னு கேமராவை நம்பவே கூடாது, வெள்ளை வெள்ளையாத் தெரியணும்னு அது நிறத்தைத் தானா மாத்திக்கும். நெஞ்சை அழுத்துற வலி, ஒரு பக்கம் கை கால் விழுந்து போறது, வாய் கோணுறது இதுக்கெல்லாம் வீடியோவும் வேண்டாம், கிளினிக்கும் வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அதுக்கும் "சாயங்காலம் 4.30 ஸ்லாட் காலி"ன்னு காட்டுற ஆப்பைப் பார்த்தா வயிறு எரியுது.

போன்லயே முடியற வேலைக்கு என்ன பண்றாங்க? நேர்ல வரச் சொல்றாங்க! பிபி மாத்திரையைத் தொடரணும், அவ்வளவுதான். அதுக்கு ரெண்டு மணி நேரம், இருமுறவங்க நடுவுல. மாடிப்படி ஏறி வந்த மூச்சோட எடுக்குற ஒத்தை அளவை வச்சு மருந்தைக் கூட்டுறாங்க. வீட்டுல 5 நிமிஷம் சும்மா உக்காந்து, முதுகைச் சாய்ச்சு, காலைத் தரையில வச்சு, கை நெஞ்சு உயரத்துல இருக்க, பேசாம, ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை, காலையும் சாயங்காலமும் 7 நாள் எடுத்து எழுதின தாள் அதைவிட எத்தனையோ மேல். அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, பத்து நிமிஷம் பேசினா முடிஞ்சது. சர்க்கரை ரிப்போர்ட் வாசிக்கறதும் அப்படித்தான்.

கை வேணுங்கறவங்களைத் திரை முன்னாடி உக்கார வைக்கறதும், பேச்சு போதுங்கறவங்களைப் படியேற வைக்கறதும், எல்லாமே தலைகீழ்!

இத்தனையும் தாண்டி மருந்துக்கடைக்குப் போனா, மாத்திரை அட்டையைக் கத்தரிச்சுக் குடுக்கறாங்க. காலாவதி தேதி இருக்குற பக்கம் கடையிலேயே நின்னுடுது. அதையாவது குடுத்துத் தொலைங்கய்யா!