மாநாட்டுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே விசாவைப் பற்றிப் பேசுங்கள்

சர்வதேச மாநாடு நடத்துகிறவர்கள் மீது எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. மாநாடு எந்த ஊரில் என்று முடிவு செய்யும்போது அரங்கம், ஓட்டல், விமான வசதி எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். எந்தெந்த நாட்டுக்காரர்களுக்கு அங்கே விசா கிடைப்பது கஷ்டம் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அது கலந்துகொள்பவர்களின் சொந்தப் பிரச்சினையாகிவிடுகிறது. இணையதளத்தின் அடியில் ‘விசா பெறுவது பங்கேற்பாளரின் பொறுப்பு’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் முடிந்தது.

ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கைடாக இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கட்டுரை ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்த அன்று துறையே சந்தோஷப்படும். மறுநாளிலிருந்து பேச்செல்லாம் விசா ஃபைலைப் பற்றித்தான். அழைப்புக் கடிதம், பல்கலைக்கழகத்தின் என்ஓசி (தடையில்லாச் சான்று), பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு), ஓட்டல் புக்கிங். ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று என்றால் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். 2024 ஜூனிலிருந்து விசா கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது.

என்னிடம் ஆய்வு செய்த ஒரு மாணவிக்கு ஐரோப்பாவில் ஒரு மாநாட்டில் பேச வாய்ப்பு வந்தது. அப்பா விவசாயி. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் அவர் ஐடிஆர் தாக்கல் செய்ததே இல்லை. கணக்கில் பணம் காட்ட வேண்டுமே என்று மாமா ஒரு தொகையைப் போட்டார். திடீரென்று மொத்தமாக வந்து விழுந்த பணத்தை விசா அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள் என்று யாரும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியிருக்கவில்லை. வந்த பதில் ஓர் அச்சடித்த படிவம். விசாக் காலம் முடிவதற்குள் நாட்டைவிட்டு வெளியேறும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா என்பதில் நியாயமான சந்தேகம் உள்ளது என்ற வரிக்கு எதிரே ஒரு டிக். நாலு வருட உழைப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கட்டியிருந்த பதிவுக் கட்டணமும் போனது. அது ஏறக்குறைய ஒரு மாத உதவித்தொகை.

அமெரிக்காவின் சட்டம் இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது. குடியேற்றச் சட்டத்தின் 214(b) பிரிவின்படி, விண்ணப்பிக்கிறவர் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரரின் வேலை. சொந்த வீடு, நிரந்தர வேலை, குடும்பம் உள்ளவர்கள் நிரூபித்துவிடலாம். இருபத்தைந்து வயது ஆராய்ச்சி மாணவரிடம் இதில் என்ன இருக்கும்?

எந்த நாட்டுக்கும் தன் எல்லையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது, சரி. ஆனால் மாநாட்டை எங்கே நடத்துவது என்று முடிவெடுப்பது அறிவுலகம்தானே! அந்த முடிவுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு எய்ட்ஸ் மாநாடுகளின் கதையே சாட்சி. எச்ஐவி உள்ளவர்கள் நாட்டுக்குள் நுழைய அமெரிக்கா 1987இல் தடை போட்டது. 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டைப் பல அமைப்புகள் புறக்கணித்தன. 1992இல் பாஸ்டனில் நடக்க வேண்டிய மாநாட்டை ஆம்ஸ்டர்டாமுக்கே மாற்றிவிட்டார்கள். யாருடைய நோயைப் பற்றிப் பேசப்போகிறோமோ அவர்களே உள்ளே வர முடியாத ஊரில் பேசுவதில்லை என்று உறுதியாக இருந்தார்கள். 2010 ஜனவரியில் தடை நீங்கிய பிறகுதான், 2012இல், அந்த மாநாடு வாஷிங்டனுக்குத் திரும்பியது.

அந்த உறுதி நிலைத்திருக்கக் கூடாதா? 2022இல் அதே மாநாடு மாண்ட்ரியாலில் நடந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டிய பலருக்குக் கனடா விசா மறுக்கப்பட்டது. பலருக்குப் பதிலே வரவில்லை. ஐநா எய்ட்ஸ் அமைப்பின் தலைவர் வின்னி பியான்யிமாவையே ஜெனீவா விமான நிலையத்தில் விமானம் ஏற விடாமல் நிறுத்தப் பார்த்தார்கள் என்று அவரே எழுதினார். ஐநா அதிகாரிக்கே அந்த நிலை.

கணினித் துறையிலும் இதேதான். 2018இல் மாண்ட்ரியாலில் நடந்த நியூரிப்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு வரவேண்டிய கறுப்பின ஆய்வாளர்கள் பலருக்கு விசா கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வான்கூவரிலும் அதே கதை. ஆனால் அதே துறையின் இன்னொரு மாநாடான ஐசிஎல்ஆரின் அமைப்பினர் தங்கள் 2020 மாநாட்டை எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடத்தத் திட்டமிட்டார்கள். கொரோனாவால் அது இணையத்துக்குப் போனாலும் விட்டுவிடவில்லை; 2023இல் ருவாண்டாவின் கிகாலியில் நடத்திக்காட்டினார்கள். எந்த நாட்டுக்காரரும் வந்து இறங்கி விமான நிலையத்திலேயே விசா வாங்கிக்கொள்ளலாம் என்பதை 2018இலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு ருவாண்டா. மனம் வைத்தால் இடம் கிடைக்கிறது.

நம் பக்கமும் சுத்தமில்லை, அதையும் சொல்லியே ஆகவேண்டும். 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு. அதற்கு வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்து அறிஞர்களைத் திருப்பி அனுப்பினோம். தமிழைப் பற்றிப் பேச வந்த தமிழறிஞரைத் தமிழ்நாட்டிலிருந்து வெளியேற்றியதை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை. 2018இல் டெல்லியில் நடந்த ஆசியவியல் மாநாட்டுக்குப் பாகிஸ்தான் ஆய்வாளர்கள் யாருக்கும் இந்தியா விசா தரவில்லை. பாகிஸ்தான் வம்சாவளியில் வந்த வேறு நாட்டுக் குடிமக்களுக்கும் அதே மறுப்புதான். 2021 ஜனவரியில் இணையவழிச் சர்வதேசக் கருத்தரங்குக்கே வெளியுறவு அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. அறிவியல் கழகங்கள் எதிர்த்த பிறகு அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தால் பலன் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அமைப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டுரை ஏற்பு பல மாநாடுகளில் இரண்டு மூன்று மாதம் முன்புதான் தெரிகிறது. அந்தத் தேதியை முன்னே தள்ளுங்கள். கனடாவில் நடத்தினால், குடிவரவுத் துறையிடம் மாநாட்டை முன்கூட்டியே பதிவுசெய்து, விசா விண்ணப்பத்தில் குறிப்பிட ஒரு குறியீடு வாங்க முடியும். வாங்கி எல்லோருக்கும் கொடுங்கள். அழைப்புக் கடிதத்தில் ‘தங்களை அன்புடன் அழைக்கிறோம்’ என்று மட்டும் எழுதாமல், என்ன தலைப்பில் பேசுகிறார், செலவு யாருடையது என்று எழுதுங்கள். விசா மறுக்கப்பட்டவரின் பதிவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நேரில் வரவில்லை என்ற காரணத்தால் அவருடைய கட்டுரையைத் தொகுப்பிலிருந்து நீக்காதீர்கள்.

இங்கே மாநாடு நடத்தும் நண்பர்களுக்கும் ஒன்று. வெளிநாட்டு விருந்தினரின் கான்ஃபரன்ஸ் விசாவுக்கு நம் அழைப்பு மட்டும் போதாது. உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் அனுமதியும் பல சமயம் வேண்டும். அதை வாங்கவேண்டியது நடத்துகிற நாம். போஸ்டர் அச்சடித்த பிறகு அதற்கு விண்ணப்பித்துவிட்டு, கடைசி வாரத்தில் கொழும்பிலும் டாக்காவிலும் இருப்பவர்களிடம் ‘டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர் அவர்தான்.