அமுக்கியும் விழாத சுவிட்ச்

கீசருக்கு ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச், மாட்டலாம் என்று இணையத்தில் தேடினால், ‘சூப்பர் பொருள், பாதி விலை’ என்று வரிசையாகப் பாராட்டு. தம்பி அதை நம்பி வாங்கிவிட்டான். எலக்ட்ரீஷியன் அண்ணன் மாட்டி முடித்து டெஸ்ட் பட்டனை அமுக்கினார். டிரிப் ஆகவில்லை. மறுபடி அமுக்கினார், சுவிட்ச் அப்படியே நின்றது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்ட வேண்டிய பொருள் அது! திருப்பிப் பார்த்தால் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை, இந்தப் பொருளுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 12640-உம் இல்லை. சீக்கிரம் வந்து சேர்ந்தது, பார்க்க அழகாக இருக்கிறது என்று ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் ஒருவராவது அந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்தாரா? ஈரக் கையோடு குளியலறையில் நிற்கப்போவது எங்கள் அம்மா. வயிறு எரிகிறது.