முதல் கிழமை மட்டும் வேலை செய்த தராசு

(களுவாஞ்சிகுடி. மெயின் ரோட்டோரம் ஒரு பாமசி. காலை பதினொரு மணி. பாக்கியம் மாமி கண்ணாடித் தட்டுத் தராசு ஒன்றைப் பழைய சாறித் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வருகிறார். கல்லாவில் ரவி, மாமிக்குத் தூரத்து மருமகன் முறை. களுவாஞ்சிகுடியில் முறை இல்லாத ஆளைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.)

மாமி: மனே, இந்தத் தராசத் திருப்பி எடு. பழுது.

ரவி: மூண்டு கிழமைக்கு முந்தித்தானே மாமி கொண்டு போனீங்க? நம்பர் வருதில்லையா?

மாமி: நம்பரெல்லாம் வடிவா வருது. இறங்குதில்ல.

ரவி: எது இறங்குதில்ல?

மாமி: நான்தான்! முதல் கிழமை தங்கமா வேலை செய்தது. 78 கிலோவில ஏறினன். ஏழாம் நாள் 74.9. ரெண்டாம் கிழமை முடிய 74.6. மறுகா போன ஞாயித்துக்கிழமை பாத்தா 76 எண்டு காட்டுது. நல்ல சாமானெண்டா ஒரே சீரா இறங்க வேணாமா?

ரவி: வீட்டில எங்க வச்சு ஏறினீங்க?

மாமி: கட்டிலடியில, பன்பாய்க்கு மேல. வெறுந்தரையில வச்சாக் கண்ணாடி கீறுப்படுமே.

ரவி: பாயில வைக்கப்படாது. தராசுட நாலு காலிலயும் பாரத்த அளக்கிற சென்சர் இரிக்கி. பாய் அமுங்கினா நம்பர் கூடக்குறையக் காட்டும். சீமெந்துத் தரையில வைக்கணும். இஞ்ச வைங்க, ஏறுங்க. 75.2. இப்ப இந்த ஒன்றரை லீற்றர் தண்ணிப் போத்தல் ரெண்டையும் கையில பிடிச்சிட்டு ஏறுங்க.

மாமி: (ஏறுகிறார்) 78.3.

ரவி: வித்தியாசம் 3.1. தண்ணி மூண்டு லீற்றர், மூண்டு கிலோ. மிச்சம் போத்தல்ட பாரம். தராசு சரி.

மாமி: அப்ப நான்தான் பழுதா?

ரவி: நீங்களும் சரி மாமி. முதல் கிழமை நீங்க இழந்ததும் இதே 3.1 தானே? அதில பெரும்பங்கு இந்தப் போத்தலுக்குள்ள இரிக்கிற சாமான்தான்.

மாமி: தண்ணியா? ஏழு நாளா புட்டு வாசம் மூக்கில பட்டாலே எழும்பி முத்தத்துக்குப் போனன். அதெல்லாம் தண்ணிக்கா?

ரவி: அந்தக் கிழமை என்ன சாப்பிட்டீங்க?

மாமி: சோறில்ல, புட்டில்ல, இடியப்பமில்ல, பாணில்ல. தேத்தண்ணிக்குச் சீனியில்ல. மீனும் கங்குனும் வெள்ளரிக்காயும். கருவாடு, ஊறுகாய் கண்ணால பாக்கல்ல.

ரவி: அதுதான். சோத்தில, புட்டில வாற மாச்சத்துல கொஞ்சத்த உடம்பு ஈரலிலயும் தசையிலயும் கிளைக்கோஜன் எண்டு சேமிச்சு வைக்கும். ஈரலில ஒரு 100 கிராம், தசையில 400 கிராம் அளவில. சாப்பாட்டில மாச்சத்து வராட்டி முதல்ல அதத்தான் எடுக்கும். அந்தக் கிளைக்கோஜன் ஒரு கிராமோட மூண்டு கிராம் தண்ணி சேர்ந்து கிடக்கும்.

மாமி: எங்கட சம்பந்தி வீட்டார் மாதிரி. ஒராளக் கூப்பிட்டா மூண்டு பேர் கூட வருவாங்க.

ரவி: கிளைக்கோஜன் போகக்குள்ள அந்த மூண்டு பேரையும் கூட்டிக்கிட்டே போயிடும்.

மாமி: அங்கதான் வித்தியாசம். இவங்க ராச்சாப்பாடும் முடிச்சித்தான் போவாங்க.

(ரவி குளிசை போடும் காகித உறை ஒன்றைத் திருப்பி வைத்துக் கணக்கு எழுதுகிறார்.)

ரவி: குத்துமதிப்பாப் பாப்பம். கிளைக்கோஜன் 400 கிராம், அதோட போன தண்ணி 1200. ஒண்டு தசம் ஆறு கிலோ வந்திட்டு. அடுத்தது உப்பு. மாச்சத்துக் குறைஞ்சா இன்சுலினும் குறையும். இன்சுலின் கூட இரிக்கக்குள்ள சிறுநீரகம் உப்ப வெளிய விடாமப் பிடிச்சிரிக்கும். குறைஞ்சா விட்டிடும், உப்புக்குப் பின்னால தண்ணியும் போகும். கருவாடும் நிப்பாட்டினீங்க. அதுக்கு ஒரு 500 கிராம் போடுவம்.

மாமி: அதான் முதல் மூண்டு நாளும் ராவெல்லாம் எழும்பி எழும்பிப் போனன்! மாமா பயந்திட்டார், சீனி கூடிட்டோ எண்டு.

ரவி: பிறகு குடல். வழமையா அதுக்குள்ள கிடக்கிற சாப்பாடு குறைஞ்சிட்டு. 400 கிராம். மிச்சம் 600. அதுதான் கொழுப்பு.

மாமி: (நெஞ்சில் கை வைத்து) அறுநூறு கிராமா! நான் ஊரெல்லாம் மூண்டு கிலோ எண்டு சொல்லிட்டன் மனே. கிழமைக்கு மூண்டெண்டா பன்னிரண்டு கிழமைக்கு முப்பத்தாறு எண்டு கணக்குப் போட்டு, பிளவுஸ் அஞ்ச ரெண்டு இஞ்சி பிடிக்கச் சொல்லித் தையல்காரிக்கிட்டயும் குடுத்திட்டன்.

ரவி: முப்பத்தாறு போனா நீங்க 42 கிலோ. பேத்திட பள்ளிக்கூட யூனிபோமே போடலாம், பிளவுஸ் என்னத்துக்கு? 600 கிராம் கொழுப்ப லேசா நினைக்காதீங்க. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறையணும். 1958இல மக்ஸ் விஷ்னொவ்ஸ்கி எண்ட டொக்டர் ஒரு றாத்தலுக்கு 3500 எண்டு போட்ட கணக்கு அது.

மாமி: றாத்தலா? பாண் றாத்தலா?

ரவி: அதே றாத்தல்தான், 450 கிராம் சொச்சம். நீங்க நாளுக்கு ஒரு 650 கலோரி குறைச்சிரிக்கிறீங்க. ஏழு நாளைக்கு 4550. அத 7700ஆல பிரிச்சா 600 கிராம் வருது. அதுக்கு மேல கொழுப்புப் போகாது, தலைகீழா நிண்டாலும்.

மாமி: இன்னும் குறைச்சுச் சாப்பிட்டா?

ரவி: கொழுப்போட தசையும் கரையும். மாசக்கணக்கா கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல இறக்கினா பித்தப்பையில கல்லு உண்டாகிறதுக்கும் வாய்ப்புக் கூட. கிழமைக்கு அரைக் கிலோ, கூடினா ஒரு கிலோ. அதுதான் கணக்கு.

மாமி: சரி, அரைக் கிலோவெண்டே வை. ரெண்டாம் கிழமை அதுவும் வரல்லையே? 300 கிராம்தானே?

ரவி: போகவேண்டிய தண்ணி முதல் கிழமையே போயிட்டு. ஆனாலும் 300 கொஞ்சம் குறைவுதான். சாப்பாட்டில ஏதும் மாத்தினீங்களா?

மாமி: ஒண்டுமில்ல.

ரவி: ராவையில?

மாமி: வெறுந்தேத்தண்ணி.

ரவி: அதோட?

மாமி: (கண்ணாடி அலுமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டு) நாடகம் பாக்கக்குள்ள கொஞ்சம் கச்சான்.

ரவி: கொஞ்சமெண்டா?

மாமி: ரெண்டு சுருள். சோறு இல்லதானே மனே, வாய் சும்மா இரிக்காதே.

ரவி: ஒரு சுருள் 50 கிராம் வரும். ரெண்டும் 100 கிராம், கிட்டத்தட்ட 570 கலோரி. பகலெல்லாம் பட்டினி கிடந்து மிச்சம் பிடிச்ச 650ஐ ராவையில நாடகத்துக்கு முன்னால திருப்பிக் குடுத்திரிக்கிறீங்க.

மாமி: கச்சான்ல அவ்வளவு எங்க? தொட்டாக் கை காஞ்சு போய்த்தானே கிடக்கு?

ரவி: கச்சான்ட பாரத்தில பாதி எண்ணெய் மாமி. கொழுப்புக் கிராமுக்கு 9 கலோரி, மாச்சத்துக்கு 4. அவிச்ச சோறு 100 கிராம் 130 கலோரிதான். நீங்க ராவில கொறிச்சது 400 கிராம் சோத்துக்கு மேல.

மாமி: அந்தச் சோத்தையே மீனாணத்தோட திண்டிரிக்கலாம்.

ரவி: தாராளமா. 76க்கு என்ன நடந்தது? சனிக்கிழமை எங்க போனீங்க?

மாமி: கலியாண வீடு. மருமகள்ட தங்கச்சிக்கு. சாப்பிடாட்டி மரியாதையில்ல எண்டு கொஞ்சம். சோறு, அப்பளம், ஊறுகாய், மறுகா எருமைத் தயிரும் பாணியும். விடிய ஏறினா ஒண்டு தசம் நாலு கிலோ கூட!

ரவி: அது கொழுப்பெண்டா செலவுக்கு மேல 10,800 கலோரி உள்ள போயிரிக்கணும். சோறாப் பாத்தா எட்டுக் கிலோவுக்கு மேல.

மாமி: எட்டுக் கிலோவா? அவங்க பந்தி முழுக்க அவ்வளவு போட்டாங்களோ எண்டு எனக்குச் சந்தேகம்.

ரவி: ரெண்டு கிழமை காஞ்சு கிடந்த தசைக்கு மாச்சத்துக் கிடைச்சோண்ண கிளைக்கோஜன நிரப்பிக்கிட்டு, கூடவே தண்ணியையும் பிடிச்சிரிக்கி. அப்பளம், ஊறுகாய் உப்பு இன்னும் கொஞ்சத்தப் பிடிச்சிரிக்கி. மிச்சம் வயித்துக்குள்ள கிடந்தது. மூண்டு நாலு நாளில இறங்கும். இப்பவே உடுப்போட 75.2 தானே? என்ன மாமி, இப்பிடி வேர்க்குது?

மாமி: அது ஒண்டுமில்ல. பதினொரு மணியானா இப்ப அப்பிடித்தான். கை நடுங்கும், கண் பூஞ்சும். டயற் வேலை செய்யுது எண்டு அர்த்தமாமே.

ரவி: (எழும்பி) இந்தக் கதிரையில இருங்க. விடிய என்ன குளிசை போட்டீங்க?

மாமி: வழமையா கிளினிக்கில சீனி வருத்தத்துக்குத் தாறதுதான். மெற்போமினும் கிளிக்ளசைட்டும். வெள்ளரிக்காயோட.

(ரவி விரல் நுனியில் குத்தி இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்க்கிறார். 64. நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கலக்கிக் கொண்டு வருகிறார்.)

மாமி: சீனியா? இருபது நாளா நாக்கில வைக்கல்ல!

ரவி: இப்ப இது மருந்து. குடிங்க. 70க்குக் கீழ போனாக் குறைவு. கெதியா இரத்தத்தில சேர்ற சீனி ஒரு 15 கிராம் வேணும், பதினைஞ்சு நிமிசத்தால திரும்பப் பாக்கணும். ஏறாட்டி இன்னொருக்கா. கிளிக்ளசைட் இரிக்கே, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அது கணையத்த இன்சுலின் விடச் செய்யும். சோறு தின்னுற பாக்கியம் மாமிக்கு டொக்டர் எழுதின அளவு அது. வெள்ளரிக்காய் தின்னுற மாமிக்கில்ல.

மாமி: அப்ப அத விட்டிடவா?

ரவி: நீங்களா விடவும் வேணாம், நானாக் குறைக்கவும் ஏலாது. இண்டைக்கே கிளினிக் கொப்பியோட ஆஸ்பத்திரிக்குப் போய், சோறு நிப்பாட்டின கதையையும் இந்த 64ஐயும் சொல்லுங்க. மெற்போமின் தனிய இப்பிடி விழுத்துறது அரிது. பிரஷருக்கு மூத்திரம் போற குளிசை ஏதும் போட்டா அதையும் சொல்லணும். உப்பும் தண்ணியும் ஏற்கனவே போற நேரத்தில அதுவும் சேர்ந்தாத் தலை சுத்தி விழுவீங்க.

மாமி: பேத்தி வேற, அம்மம்மாட வாய் ஒரு மாதிரி மணக்குது எண்டு கிட்ட வாறாளில்ல.

ரவி: மாச்சத்துக் கனக்கக் குறைஞ்சா ஈரல் கொழுப்பில இருந்து கீற்றோன் எண்டு செய்யும். அதில அசிற்றோன் மூச்சோட வெளிய வாறது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணி மாதிரி மணக்கும். ஒரேயடியாச் சோத்த வெட்ட வேண்டிய தேவையில்ல மாமி. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு ஒரு தேத்தண்ணிக் கோப்பை, அளந்து. பீங்கான்ல பாதிக்குக் கீரையும் மரக்கறியும். உள்ளங்கை அளவு மீன், பொரிக்காம. காலையில ஒரு முட்டை, இல்லாட்டி அவிச்ச கௌப்பி. புரதம் இருந்தாத்தான் தசை மிஞ்சும். புட்டுக்கு மாவுக்குச் சரிக்குச் சரி தேங்காப்பூப் போடுறத நிப்பாட்டுங்க. தேங்காப்பூ 100 கிராம் 350 கலோரி.

மாமி: தேங்காப்பூ இல்லாத புட்டு நெஞ்சுக்குள்ள நிண்டிடும்.

ரவி: காவாசி போடுங்க, நிக்காது.

மாமி: தராசில எப்ப ஏற? நான் நாளுக்கு நாலு தரம் ஏறுறன். குளிச்சிட்டு ஏறினாக் கூடக் காட்டுது.

ரவி: ஈரக் கூந்தலும் பாரம்தானே. விடிய எழும்பி, கக்கூசுக்குப் போயிட்டு வந்து, ஒண்டும் குடிக்காம, ஒரே மாதிரி மெல்லிய உடுப்போட ஒருக்கா. எழுதி வைங்க. ஏழு நாளையும் கூட்டி ஏழால பிரிச்சு, அந்தச் சராசரிய முந்தின கிழமைச் சராசரியோட பாருங்க. ஒரு நாள் நம்பர் ஒரு கிலோ ரெண்டு கிலோ ஏறி இறங்குறது தண்ணிட விளையாட்டு. அதோட இந்த நாடாவக் கொண்டு போங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில, வயித்த உள்ளிழுக்காம, மூச்ச விட்டிட்டு அளங்க. நம்மட ஆக்களில பொம்பிளைகளுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழ இரிக்கணும்.

மாமி: (அளந்து பார்த்து, நாடாவைச் சுருட்டி மடியில் வைத்து) இதப் பிறகு பாப்பம்.

(பதினைஞ்சு நிமிசம். திரும்பக் குத்திப் பார்த்தால் 97. ரவி ரெண்டு கிறீம்கிறேக்கர் பிஸ்கட் கொடுக்கிறார்.)

மாமி: மனே, ஒண்டு கேக்கிறன். சம்பந்தி ஏதோ மெலியிற தேயிலையாம், கொழும்பில இருந்து எடுப்பிச்சாவாம். ஒரு கிழமையில நாலு கிலோவாம். கலியாண வீட்டில எல்லாருக்கும் இடுப்பக் காட்டிட்டுத் திரிஞ்சா.

ரவி: அப்பிடியான தேயிலை கனக்கதில பேதி இலை சேர்ந்திரிக்கும். ஒரு நாளைக்கு எத்தினை தரம் போறாவாம்?

மாமி: பந்தியில இருந்து மூண்டு தரம் எழும்பினா. நான் கறி சரியில்லாக்கும் எண்டு நினைச்சன்.

ரவி: சாப்பாட்டில இரிக்கிற கலோரிய சிறுகுடலே உறிஞ்சி எடுத்திடும். பேதி இலை வேலை செய்யிறது பெருங்குடலில. அது வெளிய தள்ளுறது தண்ணியும் உப்பும்தான். கணக்குப் பாருங்க: நாலு கிலோ கொழுப்புக்கு 30,800 கலோரி. நாளுக்கு 4400. அவ ஏழு நாளும் பச்சத்தண்ணி பல்லில படாமக் கிடந்தாலும் உடம்பு அதில பாதியக் கூடச் செலவழிக்காது.

மாமி: அப்ப அவட நாலு கிலோவும்?

ரவி: பெரும்பாலும் தண்ணி. தேயிலைய விட்டா ஒரு கிழமைக்குள்ள திரும்பிடும்.

மாமி: (இருபது நாளில் முதல் தடவையாக முகம் மலர்ந்து) மனே, இத அப்பிடியே கணக்கோட எழுதித் தா. சீலும் குத்து.

ரவி: சீல் மருந்துத் துண்டுக்கு மட்டும்தான் மாமி குத்தலாம்.

மாமி: அப்ப மருந்துத் துண்டிலயே எழுது. நோயாளி எண்ட இடத்தில அவட பேரப் போடு.