மாத்திரையும் வேதமும்: பொதுக்கிருபையை நாம் நம்புகிறோமா?

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிற விசுவாசியைப் பார்த்து, "வேதம் போதாதா?" என்று கேட்கிற வழக்கம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் சிறு சபைகளில் இன்னும் இருக்கிறது. கால்வின் வழிவந்த சீர்திருத்த இறையியலை அறிக்கையிடுகிற நாமே அப்படிக் கேட்பது, நாம் போதிக்கிற பொதுக்கிருபையை மறுப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து.

இரட்சிக்கும் கிருபை வேறு. தேவன் தம்மை அறியாதவர்களுக்கும் மழையும் வெயிலும், அறிவும் கைத்திறனும் தந்து, பாவம் இவ்வுலகத்தை முற்றிலும் பாழாக்கிவிடாதபடி தடுத்து வைத்திருக்கும் பொதுக்கிருபை வேறு. நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் அவர் மழை பெய்யப்பண்ணுகிறார் என்கிறது மத்தேயு 5:45. வானம் பார்த்த இந்தச் சீமையில் ஊருணி நிரம்பினால் எல்லார் வீட்டுக் குடமும் நிரம்பும் என்பதைக் கண்ட நமக்கு இது புரியாததல்ல. சத்தியத்தின் ஊற்று தேவ ஆவியானவரே என்பதால், அது எங்கே காணப்பட்டாலும் அதை இகழ்வது அவரையே அவமதிப்பதாகும் என்று பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் எழுதியபோது, விசுவாசியல்லாதவர்களின் மருத்துவ அறிவையும் சேர்த்தே சொன்னார்.

சில ஆண்டுகளுக்கு முன், பிரசவமாகிச் சில வாரங்களே ஆன ஒரு சகோதரிக்கு ஆலோசனை சொல்லப் போனவர்களில் நானும் ஒருவன். முற்றத்துத் தூணில் சாய்ந்திருந்த அவர், குழந்தை அழுதும் திரும்பிப் பார்க்கவில்லை. அறிக்கையிடாத பாவம் ஏதேனும் உண்டா என்று நாங்கள் கேட்டோம். பிறகு அவருடைய தாயார் அழைத்துச் சென்ற மருத்துவர், நெற்றியில் திருநீறு பூசியவர், முதலில் கேட்டது இதுதான்: "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறம்மா?" எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், சாகவேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டான். அந்த அதிகாரத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன்.

வேதமே ஆலோசனைக்குப் போதுமென்று 1970இல் வலியுறுத்திய அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ்கூட, உடல்நோயை மருத்துவரிடமே விட்டார். அவர் பெயரைச் சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே சமயம், குற்றவுணர்வு என்பதே வெறும் மனப்பழக்கம் என்று சொல்லும் உளவியல் கொள்கைகளை நாம் அப்படியே ஏற்கவும் முடியாது. பொதுக்கிருபை அறிவைத் தரும், பாவமன்னிப்பைத் தராது.

உறக்கம் திரும்பிய பின் அந்தச் சகோதரி, "தேவன் என்மேல் கோபமாக இருக்கிறாரா?" என்று கேட்டார். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியல்ல அது. அன்று அதே முற்றத்தில், கிறிஸ்துவுக்குள்ளானவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று தொடங்கும் ரோமர் 8ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தோம். வாசித்து முடித்ததும் அவருடைய தாயார் இரவு மாத்திரையையும் ஒரு செம்பில் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார்.