1904 சட்டத்தில் கிராமமும் நகரமும் ஒன்றல்ல

பிரிட்டிஷ் இந்தியாவின் 1904 கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் உழவருக்கும் நகரத்துத் தொழிலாளி, வணிகருக்கும் ஒரே விதி வைத்ததாக ஒரு கட்டுரை சொல்கிறது. சரியல்ல. 18 வயது கடந்த 10 பேர் கூடினால் பதியலாம் என்பது பொது. ஆனால் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கு உழவரானால் அது கிராமச் சங்கம். பொதுவாக வரம்பற்ற பொறுப்பு. ஒருவர் கடன் மூழ்கினால் மற்றவர் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் ஒருவரையொருவர் அறிந்த ஊர்க்காரர்களாகவே சேர்த்தார்கள். உழவர் கடன் பற்றிச் சென்னை மாகாண அதிகாரி நிக்கல்சன் தந்த அறிக்கை பரிந்துரைத்த, ஜெர்மனியின் ரைபைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கடன் சங்க முறையும் இதுவே. நகரச் சங்கம் பொறுப்பை வரம்பிட்டுக்கொள்ளலாம். லாபத்தில் கால் பங்கைச் சேமநிதிக்கு, அதாவது சங்கத்தின் கையிருப்புக்கு, ஒதுக்கியபின் உறுப்பினருக்கு ஈவு (லாபப் பங்கு) தரலாம். கிராமத்தில் லாபம் முதலில் முழுதும் சேமநிதிக்கே. பெரிய குறை, சங்கங்களுக்கே கடன் தரும் மத்திய கூட்டுறவு வங்கிகளுக்கு 1904 சட்டத்தில் வழியில்லாதது: விதைப்புக் காலத்தில் எல்லோரும் ஒருசேரக் கடன் கேட்டால் சிறு சங்கம் எங்கே போகும்? 1912 சட்டம்தான் அந்த வழியைத் திறந்தது.