கன்னியாவில் ஊற்றிய வாளித் தண்ணீர்

மெய்யியலில் பயன்வழிவாதம் (pragmatism) என்றால் "எது பயன் தருகிறதோ அதுவே உண்மை" என்று பலர் எழுதிவருகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்லத் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவிலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற மாதம் பெரியம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்காக அங்குள்ள வெந்நீரூற்றுக்குப் போயிருந்தோம். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். முதற்கிணற்றில் தொடங்கி வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தபோது என் உடம்பும் அதையே சொன்னது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பெறாமகள்தான், "சித்தப்பா, கடைசிக் கிணத்தில இருந்து திரும்பி வந்து பாருங்கோ" என்றாள். வந்தேன். சற்றுமுன் ஆறியதாகத் தோன்றிய மூன்றாம் கிணறு இப்போது சுட்டது. ஒரே நீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறுகைக்குக் குளிராகவும் படலாம் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் எழுதியதை அதுவரை ஏட்டளவில்தான் அறிந்திருந்தேன். அடுத்த வாரம் வெப்பமானியோடு போனோம். வேறுபாடு இருந்தது, ஆனால் என் உடம்பு சொன்ன வரிசையில் இல்லை.

ஒரு கருத்து உண்மையானால் நடைமுறையில் என்னென்ன விளைவுகளை எதிர்பார்க்கலாமோ, அவற்றிலேயே அதன் பொருள் அடங்கியிருக்கிறது என்று பயன்வழிவாதத்தைத் தொடங்கிய அமெரிக்க மெய்யியலாளர் சார்ல்ஸ் பேர்ஸ் 1878இல் எழுதினார். ஒன்று கடினமானது என்றால், வேறு பல பொருள்களால் அதைக் கீறமுடியாது, அவ்வளவே. அமெரிக்கக் கரையோர அளவைத் திணைக்களத்தில் முப்பது ஆண்டுகளளவில் பணியாற்றி, ஊசலாட்டிப் புவியீர்ப்பை அளந்த அவர் விளைவு என்று கருதியது, வெப்பமானியில் தெரிவது போன்றதை. மனத்துக்குக் கிடைக்கும் ஆறுதலை அல்ல. இன்னொரு அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் அந்த விளைவை வாழ்வுக்குக் கிடைக்கும் நன்மைவரை நீட்டிய பின்னர், 1905இல் பேர்ஸ் தன் கொள்கைக்கு pragmaticism என்று வேறொரு பெயர் சூட்டினார். பிள்ளைபிடிகாரர் தூக்கிப் போகாத அளவுக்கு அவலட்சணமான பெயராம்!

தாயின் கிரியைக்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் இவை என்ற கதை அன்று பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு ஆறுதல் தந்தது, எனக்கும்தான். ஆயினும் அது சூட்டுக்கு விளக்கமாகாது. நீர் நாளை குளிர்ந்தாலும் கொதித்தாலும் கதை அசையப்போவதில்லை. மழைநீர் பாறைப் பிளவுகளால் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி மேலே வருகிறது என்ற விளக்கமோ, பிழையென்று காட்டப்படக்கூடிய இடத்தில் நிற்கிறது. இன்றுவரை சுட்டது நாளையும் சுடும் என்பதற்குத் தருக்கம் உத்தரவாதம் தராது என்று மெய்யியலாளர் டேவிட் ஹியூம் எழுப்பிய சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. விடாமல் சோதித்துக்கொண்டே போனால் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் என்பது பேர்ஸின் மறுமொழி. அது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை என்றாலும், அதைவிட நேர்மையான மறுமொழியை நான் கண்டதில்லை.

மார்கழி மழையில் மீண்டும் அளக்க வேண்டும் என்கிறாள் பெறாமகள். வெப்பம் ஆழத்திலிருந்து வருகிறதென்றால் அடைமழையிலும் நீர் பெரிதாக ஆறக்கூடாது. ஆறினால், மேல்நீர் கலப்பதையும் கணக்கில் எடுத்து விளக்கத்தைத் திருத்த வேண்டும். எந்தப் பக்கம் பந்தயம் என்று கேட்டாள். ஆறாது என்று சொல்லியிருக்கிறேன்.