பாராட்டும்போது பெயர் உண்டு, கேள்வி கேட்டால் கிடையாது

போலீஸ் சுட்டு ஒருவர் இறந்துபோனால், சுட்டவரின் பெயரை ஊருக்குச் சொல்லலாமா கூடாதா என்று எங்கள் நீலகிரி பந்தலூர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. தோட்டத்து ஆட்கள், ஜீப் ஓட்டுபவர்கள், வாத்தியார்கள், ரிட்டயர்டு ஏட்டு ஒருவர் எனக் கலவையான குழு அது. அங்கே நாலு வரி சீரியஸாக எழுதினால் நடுவில் பூங்கொத்தோடு ஒரு குட்மார்னிங் வந்து விழுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் வெளியே வர வேண்டும். அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை, சுட்ட துறையின் கையிலேயே இருக்கக் கூடாது.

ஏனென்றால் நம் ஊரில் பெயர் வராமல் இல்லை. நன்றாகவே வருகிறது. சென்னையிலோ மதுரையிலோ ஒரு ரவுடி சுடப்பட்டால் மறுநாள் பேப்பரை எடுத்துப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் பெயர் இருக்கும். அரிவாள் வெட்டு வாங்கிய எஸ்.ஐ. பெயர் இருக்கும். அரசு மருத்துவமனைக் கட்டிலில் கையில் கட்டோடு அவர் சாய்ந்திருக்கும் படம், பக்கத்தில் நலம் விசாரிக்கும் உயரதிகாரி. சாயங்காலத்துக்குள் பின்னணி இசை போட்டு ரீல்ஸ் வந்துவிடும். அப்போதெல்லாம் 'பெயரைச் சொன்னால் உயிருக்கு ஆபத்து' என்று யாரும் பதறுவதில்லை. செத்தவனுக்குக் கூட்டாளிகள் இருப்பார்களே, பழிவாங்க வருவார்களே என்ற கவலையும் காணோம்.

வீரப்பனை 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக் கொன்றபோது அதிரடிப்படைத் தலைவர் விஜயகுமாரின் பெயர் தெரியாத குழந்தை தமிழ்நாட்டில் இல்லை. படையினருக்குப் பதவி உயர்வு, பணம், வீட்டுமனை என்று அரசே அறிவித்தது. ஹைதராபாத்தில் 2019 டிசம்பர் 6 அன்று, பெண் மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேர் விடியற்காலையில் சுடப்பட்டார்கள். போலீஸ்காரர்கள் மேல் ஜனங்கள் பூத் தூவினார்கள், கமிஷனர் ஹீரோ ஆனார். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, 10 போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 2022-ல் அந்த அறிக்கையை மூடிய உறையிலேயே ரகசியமாக வைத்திருங்கள் என்று தெலங்கானா தரப்பு கேட்டுப் பார்த்தது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. பூ விழுந்தபோது கேட்காத ரகசியம், கேள்வி விழுந்தபோது தேவைப்பட்டது.

தூத்துக்குடியில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2018 மே 22, ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள். 13 உயிர்கள். மஞ்சள் டீஷர்ட் போட்ட ஒருவர் போலீஸ் வேன் மேல் படுத்துத் துப்பாக்கியைக் குறி வைப்பதை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். சட்டையில் பெயர்ப் பட்டை கிடையாது, சீருடையே கிடையாது. யார் எங்கிருந்து சுட்டார் என்ற விவரம் ஊருக்கு முறைப்படி தெரிய, அரசு அமைத்த அருணா ஜெகதீசன் விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 17 போலீஸார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது அந்த அறிக்கை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் நாலு வருஷம் யாரை நினைத்துக்கொண்டு தூங்கியிருப்பார்?

கைதுக்கு ஒரு விதி இருக்கிறது, தெரியுமா? டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது செய்ய வரும் போலீஸ்காரர் தன் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். பிறகு சட்டத்திலேயே அது ஏறிவிட்டது. ராத்திரி கூட்டிப்போய்க் காலையில் விட்டுவிடுகிறவருக்குப் பெயர் கட்டாயம். உயிரை எடுத்தவருக்கு மட்டும் விருப்பம் போல. மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான்.

உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் என்கவுன்டர் சாவுகளுக்கென்று 16 நெறிமுறைகள் கொடுத்தது. எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், வேறு ஸ்டேஷனோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள். சுட்டவர் பெயரை மக்களுக்குச் சொல் என்று ஒரு வரி மட்டும் அதில் இல்லை. அதற்கு முன் 2009-ல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, என்கவுன்டரில் பங்கெடுத்த போலீஸாரின் அடையாளத்தை மறைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆந்திர போலீஸ் அதிகாரிகள் சங்கம் உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. எவ்வளவு வேகம்!

சரி, இதெல்லாம் சமவெளிக் கதை, மலையில் இருக்கிற உனக்கென்ன என்று கேட்கலாம். கொடைக்கானல் பக்கம் வடகவுஞ்சிக் காட்டில் 2008 ஏப்ரலில் நவீன் பிரசாத் என்ற மாவோயிஸ்ட் இளைஞர் சுடப்பட்டார். எங்கள் நாடுகாணி இறக்கம் இறங்கினால் நிலம்பூர். அங்கே கருளாய்க் காட்டில் 2016 நவம்பர் 24 அன்று கேரள போலீஸின் தண்டர்போல்ட் அதிரடிப்படை சுட்டதில் குப்பு தேவராஜ், அஜிதா என்ற இரண்டு மாவோயிஸ்ட்கள் இறந்தார்கள். இறந்தவர்களின் சொந்தப் பெயர், இயக்கப் பெயர், மேலே இருந்த வழக்குகள் எல்லாம் மறுநாளே செய்தியில் வந்தன. சுட்டவர்கள் 'படை' என்பதோடு சரி.

அந்த வாரம் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இந்தப் பக்கத்து போலீஸும் கூடப் போனதாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யார் யார் என்று டீக்கடையில் கணக்குப் போட்டார்கள். போலீஸ் வேலைக்குப் போன பையன்கள் சிற்றூர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். கணக்கு வந்து நின்றது என் சித்தப்பா மகன் மேல். ஆயுதப்படையில் இருக்கிறான், வீட்டுக்கும் அடிக்கடி வருவதில்லை, அதனால் அவன்தான். ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க் கேனோடு நின்ற சித்தியிடம் ஒரு பெண் கேட்டேவிட்டாள்: "உன் மகன் சுட்டானாமே, காசு நிறைய குடுத்தாங்களா?" அவன் அந்த வாரம் ஊட்டியில் ஒரு வி.ஐ.பி. வருகைக்குப் பந்தோபஸ்து நின்றுகொண்டிருந்தான், குளிரில் விறைத்துக்கொண்டு. சித்தி கேனை வரிசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சமாதானம் செய்து திரும்ப அனுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

பெயரை மறைத்தால் யாரையும் காப்பாற்ற முடிவதில்லை, சந்தேகம் ஊரில் இருக்கும் எல்லா காக்கிச் சட்டை மேலும் விழுகிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் வேடிக்கை, அதே தம்பிதான் இந்த விஷயத்தில் என்னோடு மல்லுக்கு நிற்கிறான்.

"அண்ணே, நீங்க பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடுவீங்க. சுடுன்னு சொன்னவர் ஏசி ரூம்ல இருப்பார். பேர் வர்றது என்னோடது. எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போகணுமா வேண்டாமா?"

நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. அவன் சொல்லாத இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். நம் நாட்டில் ஒரு பெயர் வெளியே வந்த அரை மணி நேரத்தில் சாதி என்ன, மதம் என்ன என்று தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். செத்தவர் ஒரு சாதி, சுட்டவர் ஒரு சாதி என்றால் முடிந்தது கதை. துப்பாக்கியைவிட எனக்கு இந்தப் பயம்தான் பெரிது. ஆனால் பெயர் சொல்லாவிட்டால் தோண்டுகிறவர்கள் சும்மா இருக்கிறார்களா? அப்போதும் ஊகித்துச் சாதி கட்டுகிறார்கள், அதுவும் தப்பாக. தூண்டிவிடுகிறவர்கள் மேல் வழக்குப் போடுவதற்குச் சட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தட்டும்.

உத்தரவு போட்டவர் விஷயத்தில் தம்பி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். பெயர் வெளியிடுவதென்றால் விசையை அழுத்தியவரோடு நிறுத்தக் கூடாது. சுடச் சொன்னது யார், அந்த இடத்தில் பொறுப்பில் இருந்தது யார் என்பதும் அதே காகிதத்தில் வர வேண்டும். காவலர் பெயர் மட்டும் வந்தால் அது பலிகடா தேடுகிற வேலை.

அவன் எனக்கு லண்டன் செய்தி ஒன்றையும் அனுப்பினான். நல்ல உதாரணம், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் கிறிஸ் கபா என்ற கறுப்பின இளைஞரை லண்டன் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். கொலை வழக்கு பதிவானதும் துப்பாக்கிப் பிரிவில் இருந்த பலர் 'எங்களுக்கு இந்த வேலை வேண்டாம்' என்று துப்பாக்கிப் பொறுப்பை உதறினார்கள். சுட்டவருக்கு முதலில் பெயர் இல்லை, என்.எக்ஸ்.121 என்ற எண் மட்டும்தான். 2024 மார்ச்சில் நீதிபதி அனுமதித்த பிறகு மார்ட்டின் பிளேக் என்ற பெயர் வந்தது. அக்டோபரில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அதன் பிறகு அந்த நாட்டு அரசாங்கம், இனி இப்படி வழக்கில் நிற்கும் போலீஸாரின் பெயர் தண்டனை உறுதியானால்தான் வெளியே வரும் என்று அறிவித்தது.

பார்த்தீர்களா, பிரிட்டனே மறைக்கிறது என்கிறான் தம்பி. மறைக்கட்டும். அங்கே போலீஸ் சுட்டால் போலீஸுக்கு வெளியே இருக்கும் தனி அமைப்பு விசாரிக்கிறது. வழக்கு நிஜமாகவே கூண்டு வரை போகிறது. பெயரை வெளியிட அனுமதித்தவரும் ஒரு நீதிபதி. நம்மிடம் என்ன இருக்கிறது? பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாநிலமும் சுதந்திரமான போலீஸ் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. நாம் 2013-ல் சட்டம் போட்டு அதற்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் உட்கார வைத்தோம். விசாரணையைக் கொடுக்காமல் ரகசியத்தை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

எனக்குச் சரியென்று படுவது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2014-ல் லாங் பீச் போலீஸ் சங்க வழக்கில் சொன்னது. பொதுவாக 'ஆபத்து வரலாம்' என்பதை வைத்து எல்லாப் பெயரையும் மூடி வைக்க முடியாது. இந்த அதிகாரிக்கு இன்ன மிரட்டல் இருக்கிறது என்று காட்டினால் அப்போது மறைக்கலாம். அவ்வளவுதான். இங்கே ஒரு வாரம் அவகாசம் கொடுக்கலாம். குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் மாற்றட்டும், அரசு செலவில். மிரட்டல் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் ஆதாரத்தோடு போய்க் கூடுதல் நாள் கேட்கட்டும். பிறகு பெயர், பதவி, ஸ்டேஷன், உத்தரவு போட்டவர், இவ்வளவும் துறையின் அறிக்கையாகவே வர வேண்டும். வீட்டு முகவரி, போட்டோ, பெண்டாட்டி பிள்ளை விவரம் எதுவும் யாருக்கும் வேண்டியதில்லை. பெயர் வந்தால் குற்றவாளி ஆகிவிட மாட்டார். சுட்டது சரி என்று விசாரணை சொன்னால், அதையும் அதே பெயரைப் போட்டு அதே அளவு எழுத்தில் அறிவிக்கட்டும்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே, கேட்டு வாங்க வேண்டியதுதானே என்று வாத்தியார் ஒருவர் குழுவில் கேட்டார். ஐயா, நான் ஜெராக்ஸ் கடை வைத்து மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். செக்போஸ்டில் அடி வாங்கிய ஒரு பையனின் அம்மாவுக்காக, அன்று டியூட்டியில் இருந்தவர்கள் யார் என்று மனுப் போட்டேன். சுடவில்லை, லத்தி அடிதான். பிரிவு 8(1)(ஜி), உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்று மறுத்துப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் அம்மாவின் பெயர், கணவர் பெயர், லைன் வீட்டு எண், எஸ்டேட் டிவிஷன் எல்லாம் சுத்தமாக டைப் செய்திருந்தது. கீழே பொதுத் தகவல் அலுவலர் என்ற இடத்தில் நெளிநெளியாக ஒரு கையெழுத்து, பெயர் இல்லை.

கடைசியாக, எங்கள் மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். நமக்கு அதிகம் கண்ணில் படும் துப்பாக்கி போலீஸுடையது கிடையாது, வனத்துறையுடையது. 2023 அக்டோபரில் கூடலூர்ப் பக்கம் காட்டில் ஒரு விவசாயியை வனத்துறையினர் சுட்டுக் கொன்றார்கள் என்ற செய்தி வந்ததும் திருப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் எனக்குப் போன் போட்டார்கள். அது தேனி மாவட்டத்துக் கூடலூர் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது. நம் கூடலூரிலும் விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள், ரோந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். 2014 நெறிமுறைகள் போலீஸ் என்கவுன்டரை மனதில் வைத்து எழுதியவை. காட்டுக்குள் வனக் காவலர் சுட்டால் யார் அறிக்கை விடுவார், யார் பெயர் சொல்வார் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. அடுத்த மாதம் மாவட்ட வன அலுவலகத்தில் குறைதீர்ப்புக் கூட்டம் இருக்கிறது. இதை மனுவாக டைப் செய்து வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கடைக்கு வாருங்கள், காபி செலவு உங்களுடையது.